கண்ணீரும் காவல் அணுக்களும்

கண்ணீர் என்றதும் துயரமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அழாத கண்ணிலும் நாள் முழுவதும் கண்ணீர் இருந்துகொண்டே இருக்கிறது. இமை மூடித் திறக்குந்தோறும் அது ஒரு மெல்லிய படலமாய் விழியின்மேல் பரவுகிறது. மூன்று பொருள்கள் கூடி அப்படலம் ஆகின்றது. இமையோரத்துச் சுரப்பிகள் எண்ணெயைத் தருகின்றன. புருவத்தின் கீழே வெளிப்புற மூலையில் அமைந்த கண்ணீர்ச் சுரப்பி நீரைத் தருகின்றது. விழியின் வெண்பகுதியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள சவ்வில் கிண்ணம் போன்ற உயிரணுக்கள் உள்ளன. அவை வழவழப்பான சளிப்பொருளைத் தருகின்றன. கருவிழியின் முன்னுள்ள தெளிந்த படலமாகிய கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அதைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு இந்தக் கண்ணீரையே சார்ந்திருக்கிறது.

இத்தகைய கண்ணீர் குறைந்தாலோ, விரைவில் ஆவியாகிப் போனாலோ, கண் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், எரியும், சிவக்கும், பார்வை மங்கி மங்கித் தெளியும். வறண்ட கண்ணிலிருந்து சில வேளை நீர் தாரையாக வடிவதும் உண்டு. எரிச்சல் தாங்காமல் சுரப்பி திடீரெனப் பொழியும் நீர் அது. இந்நோயால் வருந்தியவர்களுள் பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்கள். வெளியே பார்ப்பவருக்குக் கண் நன்றாகவே தோன்றுவதால், 'இது முதுமையின் இயல்பு', 'இது மனத்தின் கற்பனை' என்று பலருக்கு மறுமொழி கிடைத்தது. நீண்ட காலம் மருத்துவ உலகிடமும் இதைவிடச் சிறந்த விடை இல்லை. கண்ணீர் ஏன் வற்றுகிறது என்னும் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேல் தேடியே விடை கிடைத்தது. உடலைக் காக்க வேண்டிய நோய்த்தடுப்பு உயிரணுக்களே அவ்விடையின் நடுவில் நிற்கின்றன. அத்தேடலின் வரலாற்றையே இங்கு நாம் காண இருக்கிறோம்.

பாரத நாட்டின் பழைய மருத்துவ நூலாகிய சுச்ருத சம்ஹிதை, கண் முழுவதையும் பற்றும் நோய்களை எண்ணிச் சொல்லும் இடத்தில், 'சுஷ்காக்ஷிபாகம்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. 'சுஷ்கம்' என்றால் வறட்சி. 'அக்ஷி' என்றால் கண். 'பாகம்' என்பது வெந்து பழுத்தல், அதாவது அழற்சி. வறட்சியையும் அழற்சியையும் ஒரே பெயரில் இணைத்து வைத்தது அந்நூல். அந்நூலார் கண்ட நோயும் இன்றைய மருத்துவர் கூறும் நோயும் முற்றும் ஒன்றே என்று நாம் சாதிக்க வேண்டுவதில்லை. எனினும், வறண்ட கண் வெந்த கண்ணாகவும் இருக்கிறது என்னும் கருத்து மிகப் பழையது என்பதை அப்பெயர் காட்டுகிறது.

மற்றொன்றையும் இங்கேயே பிரித்து வைத்தல் நலம். வைட்டமின் ஏ போதாமையால் குழந்தைகளுக்குக் கண் வறண்டு, கார்னியா கெட்டு, பார்வையே அழிவதுண்டு. நம் நாட்டில் பல குழந்தைகளின் ஒளியைப் பறித்த நோய் அது. உணவாலும் வைட்டமினாலும் தடுக்கத்தக்கது. நாம் இங்குப் பேசுவது அதனின் வேறான நோய். நன்றாக உண்பவரையும் இது பற்றும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். 1882ஆம் ஆண்டு ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர் என்பார், கார்னியாவின்மேல் நூலிழைகள் போல் சவ்வு திரிந்து தொங்கும் ஒரு நிலையை விவரித்தார். கடுமையான வறட்சியின் அடையாளங்களுள் ஒன்று அது என்பது பின்னர் விளங்கிற்று. அதே ஆண்டில், இத்தாலியின் மெசினா நகரில், ருஷ்ய அறிஞர் மெச்னிக்காவ் கண்ணாடி போல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் முள்ளைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது, நகரும் உயிரணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்திருந்தன. உடலுக்குள் புகும் பகையை எதிர்க்கக் காவல் அணுக்கள் உண்டு என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்தது. கண்ணில் தொங்கிய நூலிழைக்கும் முள்ளைச் சூழ்ந்த உயிரணுவுக்கும் தொடர்பு உண்டு என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

1888ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. இலண்டனில் ஹாடன் என்னும் மருத்துவர், வாய் முற்றும் வறண்டு, கண்ணீரும் இல்லாதிருந்த ஒரு பெண்மணியைப் பற்றித் தம் தோழர்களிடம் எடுத்துரைத்தார். கோனிக்ஸ்பர்க் நகரில் மிக்குலிச் என்னும் அறுவை மருத்துவர், கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருபுறமும் பருத்திருந்த ஓர் உழவரைப் பற்றிக் கூறினார். வெட்டி எடுத்த சுரப்பியை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, சுரக்கும் உயிரணுக்களின் இடையே சிறிய உருண்டை உயிரணுக்கள் செறிந்து நிறைந்திருக்கக் கண்டார் மிக்குலிச். அவை இரத்தத்திலும் நிணநீரிலும் உலவும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள். அவை அங்கே என்ன செய்கின்றன என்பதற்கு அன்று விடை இல்லை. லிம்போசைட்டுகளின் பணி என்ன என்பதே அந்நாளில் தெரியாது.

கண்ணீரை அளக்கும் வழியும் இக்காலத்தில் பிறந்தது. 1903ஆம் ஆண்டு ஓட்டோ ஷிர்மர் என்பார், ஒரு சிறு வடிதாள் துண்டைக் கீழிமையின் ஓரத்தில் செருகி, குறித்த நேரத்தில் அது எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்க்கும் முறையை வெளியிட்டார். 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர் கூட நனையாவிடில் கண்ணீர் மிகக் குறைவு என்று கொள்வது வழக்கமாயிற்று. எளிய தாள் துண்டு. ஆனால் 'கற்பனை' என்று தள்ளப்பட்ட குறைக்கு முதன்முதலில் எண்ணால் சான்று தந்தது அதுவே. இன்றும் மருத்துவமனைகளில் அம்முறை கையாளப்படுகிறது.

1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் மற்றொரு பக்கத்தை வெளிப்படுத்தினார். பெனிசிலினைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கண்ணீரில் கிருமிகளைக் கரைக்கும் ஒரு பொருள் உள்ளதென்று அவர் காட்டினார். அதற்கு லைசோசைம் என்று பெயரிட்டார். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டியிருந்தமையால், எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் பிழிந்து அதைப் பெற்றாராம். கண்ணீர் கண்ணைக் கழுவும் நீர் மட்டும் அன்று. உடலின் பாதுகாப்புப் படையில் அதற்கும் இடம் உண்டு என்பது இதனால் துலங்கிற்று.

இவ்வாறு சிதறிக் கிடந்தவற்றை ஒன்றுசேர்த்த பெருமை ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் என்பாரையே சாரும். பிரெஞ்சு மருத்துவர் கூஷரோ 1925இல் பல சுரப்பிகள் ஒருங்கே வறண்டு போவதைக் கவனித்திருந்தார். ஆயினும் நோயை முழு உருவில் வரைந்தவர் ஷோகிரனே. 1933இல் அவர் தம் பட்ட ஆய்வேட்டை வெளியிட்டார். அதில் 19 நோயாளிகள், அனைவரும் பெண்கள், அவர்களுள் 13 பேருக்கு நாள்பட்ட மூட்டு வாதமும் இருந்தது. கெட்டுப்போன உயிரணுக்களில் செந்நிறம் பற்றும் ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டு, வறட்சியால் புண்பட்ட இடங்களை அவர் பார்த்தார். கண்ணீர்ச் சுரப்பிகளை நுண்பெருக்கியில் ஆராய்ந்தபோது, மிக்குலிச் கண்ட அதே உருண்டை உயிரணுக்களின் கூட்டம் இங்கும் இருந்தது. கண், வாய், மூட்டு என்று மூன்று மருத்துவரிடம் தனித்தனியே சென்ற பெண்ணின் மூன்று குறைகளும் ஒரே நோயின் மூன்று கிளைகள் என்று அவர் துணிந்து கூறினார்.

அவ்வாய்வேட்டுக்குக் கிடைத்த மதிப்பு என்ன தெரியுமா? பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்குரிய தகுதியைத் தரும் அளவுக்கு அதற்கு மதிப்பெண் வழங்கப்படவில்லை. கல்வி நிலைய வாழ்வின் கதவு அடைபட, ஷோகிரன் யோன்ஷோப்பிங் என்னும் நகரத்தின் மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணியாற்றினார். ஆனால் நூல் தன் வழியில் சென்றது. 1943இல் ஆஸ்திரேலிய மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். உலகம் அந்நோய்க்கு ஷோகிரனின் பெயரையே சூட்டியது. 1961இல் ஸ்வீடன் அரசு அவருக்குப் பேராசிரியர் என்னும் சிறப்புப் பட்டம் வழங்கியது. அவர் 1986இல் மறைந்தார்.

நோயின் உருவம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அதற்குத் தடையாக நின்றது ஒரு பெரிய பெயர். நோய்த்தடுப்பியலின் முன்னோடிகளுள் ஒருவரான பால் எர்லிக், உடல் தன்னைத்தானே தாக்குவதற்கு அஞ்சி விலகும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருந்தார். அவர் கருதியது அத்தகைய தாக்குதலின் தீய விளைவை உடல் தவிர்க்கும் என்பதே. ஆனால் பின்வந்தோர் பலர் அதை, 'அத்தகைய தாக்குதல் நிகழவே இயலாது' என்று கொண்டுவிட்டனர். 1956ஆம் ஆண்டு இக்கருத்து உடைந்தது. இலண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கிய நோயாளிகளின் இரத்தத்தில் அச்சுரப்பியின் பொருளுக்கே எதிரான பொருள்கள் இருக்கக் கண்டனர். அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி இருவரும் முயல்களில் அத்தகைய நோயை உண்டாக்கிக் காட்டினர். இரண்டே ஆண்டுகளில், 1958இல், ஷோகிரன் நோயாளிகளின் இரத்தத்திலும் சுரப்பிகளுக்கு எதிரான பொருள்கள் இருப்பதாகச் செய்தி வந்தது. மிக்குலிச் கண்ட நோயும் ஷோகிரன் கண்ட நோயும் சுரப்பியின் அளவில் ஒன்றே என்று 1953இல் மார்கன், காசில்மன் என்போர் முன்னரே காட்டியிருந்தனர். 1965இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் 62 நோயாளிகளை விரிவாக ஆராய்ந்த நூலுரை வெளிவந்தது. காவலரே வீட்டைத் தாக்கும் நோய் இது என்னும் எண்ணம் அதற்குப் பின் வலுப்பெற்றது.

ஆனால் தாக்குபவர் யார்? இதற்கு லிம்போசைட்டின் இயல்பு தெரிய வேண்டும். ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் 1950களின் இறுதியில், இந்த உயிரணுக்கள் இரத்தத்திலிருந்து நிணநீருக்கும், நிணநீரிலிருந்து மீண்டும் இரத்தத்துக்கும் ஓயாமல் சுற்றிவருகின்றன என்று எலிகளில் நிறுவினார். அவை காவல் சுற்றும் வீரர்கள். 1961இல் ஜாக் மில்லர், மார்பிலுள்ள தைமஸ் என்னும் உறுப்பு பயனற்றதன்று; நோய்த்தடுப்பு உயிரணுக்கள் பயிற்சி பெறும் பள்ளி அதுவே என்று காட்டினார். அங்கே முதிர்ந்தவை டி உயிரணுக்கள் எனப் பெயர் பெற்றன. எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி உயிரணுக்கள் எனப்பட்டன. 1968இல் சிஷோம், மேசன் இருவரும் கீழுதட்டிலுள்ள சிறிய உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்து நோயைத் துணியும் முறையை வகுத்தனர். 50 லிம்போசைட்டுகளாவது ஓரிடத்தில் குழுமியிருந்தால் அதை ஒரு குவியம் என்று எண்ணினர். ஷிர்மர் கண்ணீரை அளந்தார். இவர்களோ கண்ணீரை வற்றச் செய்யும் படையையே எண்ணினர். 1980களில் உயிரணுக்களை இனம் பிரித்தறியும் கருவிகள் வந்தபின், அக்குவியங்களில் டி உயிரணுக்களே மிகுந்துள்ளன என்பது தெளிவாயிற்று.

இதுவரை கூறியது ஷோகிரன் நோயைப் பற்றியது. ஆனால் கண் வறட்சியுற்றோருள் பெரும்பாலோருக்கு அந்நோய் இல்லை. முதுமை, இமைச் சுரப்பிகளின் அடைப்பு, வறண்ட காற்று, இமைக்காமல் நெடுநேரம் உற்றுப் பார்த்தல் ஆகிய காரணங்களால் வருந்துவோரே மிகுதி. அவர்களுக்கு வேண்டியது நீர் மட்டுமே என்று மருத்துவர்கள் எண்ணினர். 1995இல் அமெரிக்காவில் வல்லுநர்கள் கூடி வகுத்த இலக்கணம், கண்ணீர்க் குறைவையும் கண்ணீர் ஆவியாதலையும் கூறிற்று. அழற்சியைக் குறிப்பிடவே இல்லை.

இவ்வெண்ணத்தை அசைத்தவை நார்வே நாட்டு மண்ணும் நாய்களின் கண்களுமாகும். நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்து மண்ணிலிருந்து பெற்ற ஒரு பூஞ்சையில், ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகர ஆய்வாளர்கள் சைக்ளோஸ்போரின் என்னும் பொருளைப் பிரித்தனர். டி உயிரணுக்களின் எழுச்சியை அது அடக்கும் என்பது 1970களில் விளங்கிற்று. உறுப்பு மாற்று அறுவைக்கு அது பெருந்துணை ஆயிற்று. 1980களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கால்நடைக் கண் மருத்துவ அறிஞர் ரெனே காஸ்வன் அம்மையார், வறண்ட கண்ணுடைய நாய்களுக்கு அம்மருந்தைச் சொட்டாக இட்டார். பல நாய்களின் கண்ணில் கண்ணீர் மீண்டும் சுரந்தது. சுரப்பி அழிந்துபோகவில்லை, முற்றுகையிடப்பட்டே கிடந்தது என்று இதனால் அறிந்தோம். முற்றுகை நீங்கின் ஊற்று மீளும் என்னும் நம்பிக்கை பிறந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மனிதருக்கும் அச்சொட்டு மருந்து இசைவு பெற்றது.

அதே 2002இல், ஷோகிரன் நோய் உள்ளவர், இல்லாதவர் ஆகிய இருசாரார் கண்சவ்விலிருந்தும் துணுக்குகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. இருசாராரிடமும் டி உயிரணுக்கள் குவிந்திருந்தன. 2006இல் நீடர்கார்ன், ஸ்டெர்ன், ஃப்ளுக்ஃபெல்டர் முதலியோர் மேலும் ஒரு படி சென்றனர். சுண்டெலிகளை வறண்ட காற்று வீசும் கூண்டில் வைத்து, மருந்தால் கண்ணீரையும் குறைத்தனர். பின்னர் அவற்றின் டி உயிரணுக்களை எடுத்து, டி உயிரணுக்களே இல்லாத வேறு சுண்டெலிகளுக்கு ஏற்றினர். அச்சுண்டெலிகள் வறண்ட காற்றையே அறியாதவை. எனினும் அவற்றின் கண்ணீர்ச் சுரப்பியிலும் கண்சவ்விலும் அழற்சி மூண்டது, கண்ணீர் குறைந்தது. நோயைச் சுமந்து சென்றது உயிரணுவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

கண்ணின் மேற்பரப்பில் உள்ள வறட்சியைப் பற்றி எங்கோ உலவும் டி உயிரணுவுக்குச் செய்தி சொல்வது யார்? இதற்கு விடை தந்தது கிளைகள் விரிந்த ஒரு வகை உயிரணு. 1868இல் மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அத்தகையவற்றைத் தோலில் கண்டு, நரம்பைச் சார்ந்தவை என்று எண்ணினார். 1973இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன் இக்கிளை உயிரணுக்களை இனங்கண்டு, நோய்த்தடுப்புப் படையின் ஒற்றர்கள் இவை என்று காலப்போக்கில் நிறுவினார். 2011இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னரே அவர் மறைந்திருந்தார். கார்னியாவின் நடுப்பகுதியிலும் இவ்வொற்றர்கள் உறங்கிய நிலையில் உள்ளனர் என்று பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் காட்டினர்.

இன்று நாம் அறிந்த நிகழ்ச்சித் தொடர் இதுதான். கண்ணீர் ஆவியாகிக் குறையும்போது எஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. உப்புச் செறிவால் துன்புற்ற மேற்பரப்பு உயிரணுக்கள் அபாயக் குறிகளை வெளியிடுகின்றன. உறங்கிய ஒற்றர்கள் விழித்து, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்று டி உயிரணுக்களை எழுப்புகின்றன. எழுந்த படை இரத்த வழியே கண்ணுக்குத் திரும்புகிறது. அவற்றுள் ஒரு சார் சுரக்கும் இன்டர்பெரான் காமா என்னும் பொருள், சளிப்பொருள் தரும் கிண்ண உயிரணுக்களைக் குறைக்கிறது. மற்றொரு சார் சுரக்கும் இன்டர்லூகின்-17 என்னும் பொருள், கார்னியாவின் மேலுறைப் பிணைப்பைக் கரைக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. சளிப்பொருள் குறைந்தால் கண்ணீர் நிலையாது. கண்ணீர் நிலையாவிடில் உப்பு மேலும் செறியும். ஒற்றர்கள் மேலும் விழிப்பர். வறட்சி அழற்சியை ஈன, அழற்சி வறட்சியை ஈனுகிறது. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்ற இச்சுழலே இந்நோயின் உள்ளியல்பு. படையைத் தணிக்கும் கட்டுப்பாட்டு உயிரணுக்களும் உடலில் உண்டு. இந்நோயில் மூர்க்கங் கொண்ட படை அவற்றின் சொல்லுக்கு அடங்குவதில்லை என்று 2009இல் சுண்டெலிகளில் கண்டனர்.

2007இல் உலக வல்லுநர் குழு வகுத்த புதிய இலக்கணத்தில் அழற்சி என்னும் சொல் இடம் பெற்றது. 2016இல் லிஃபிடெகிராஸ்ட் என்னும் சொட்டு மருந்து அமெரிக்காவில் இசைவு பெற்றது. டி உயிரணு பிற உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் பிடியைத் தளர்த்துவது அது. நோயின் எல்லா வகைக்கும் எல்லாருக்கும் இம்மருந்துகள் ஒருங்கே பயன்படுகின்றன என்று நாம் கூற இயலாது. சைக்ளோஸ்போரின் பயன் தர வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. விரைந்து அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டுகளை மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் இட்டால், கண்ணழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் உண்டாகலாம். கடையில் கேட்டு வாங்கித் தாமே இட்டுக்கொள்வது பேரிடர்.

இவ்வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று. சாதாரணக் குடும்பங்களுக்கும் இதில் கருத்துண்டு. கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டும் வலிக்கும் ஒரு பெண்மணி, மூன்று குறைகளையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷோகிரன் நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், நரம்பு ஆகியவையும் தாக்கப்படுவதுண்டு. நிணநீர்ப் புற்றுநோய் தோன்றும் அச்சமும் மற்றவரைவிட அவர்களுக்கு மிகுதி. ஆகவே, 'கண் உறுத்துகிறது' என்னும் சிறு சொல்லுக்குப் பின்னால் பெரிய செய்தி இருக்கக்கூடும். அதைக் கற்பனை என்று ஒதுக்கும் உரிமை வீட்டாருக்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை.

மிக்குலிச் நுண்பெருக்கியில் கண்ட சிறு உருண்டைகள் யாவை என்று அறிய ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. அவ்வறிவைத் தந்தோருள் கண் மருத்துவர் உண்டு, கால்நடை மருத்துவர் உண்டு, நட்சத்திர மீனை ஆராய்ந்தவர் உண்டு, மண்ணைக் கிளறியவர் உண்டு. எவர் ஆய்வு எவர் கண்ணைக் குளிர்விக்கும் என்று முன்கூட்டி அறிதல் அரிது. மதிப்பெண் குறைந்த ஒரு ஆய்வேட்டின் 19 பெண்களை உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், அவர்கள் சொன்ன குறையை ஒரு மருத்துவர் நம்பிக் கேட்டார் என்பதே.